பன்னிரண்டு பேருக்கு இலை

காலையில் சோறு சாப்பிடுகிற கடை ஒன்று ஹம்பேர்க்கில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மழைதான் என்னை அந்தக் கதவுக்குள் தள்ளிவிட்டது. இரவு முழுக்க ரயில் பெட்டிகளைக் கழுவிவிட்டு அறைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். சப்பாத்துக்குள் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருவில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. ஒரு மூலை வீட்டின் கீழ்த்தளத்தில் மட்டும் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றின் மேல் பொரித்த முட்டை. பக்கத்தில் கோப்பி. நான் உள்ளே போய் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையைக் காட்டி, "அதுதான் வேணும்" என்றேன்.

உள்ளி, அதுதான் வெள்ளைப்பூண்டு, போட்டு வதக்கிய சோறு வந்தது. முட்டை, சிவந்து தடித்த குட்டிச் சொசேஜ், பப்பாசிக்காய் ஊறுகாய், சின்னக் கிண்ணத்தில் மிளகாய் வெட்டிப் போட்ட வினாகிரி. என் நாக்கு குழம்பிப்போனது. உள்ளியும் வினாகிரியும் பழகிய சாமான்கள். சொசேஜோ இனித்தது. இறைச்சிக்குச் சீனி போடுகிறவர்களை நான் அன்றுவரை கண்டதில்லை.

கல்லாவில் நின்ற குள்ளமான பெண், தலையில் கட்டிய துணியைச் சரிசெய்தபடி வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"சோறு திறம். சொசேஜுக்கு ஆர் சீனி போட்டது?"

"நான்தான். ஏன், கூடிப்போச்சோ?"

"சீனி கூடேல்லை. உறைப்புக் காணாது."

அவர் உடம்பு முழுக்கக் குலுங்கச் சிரித்தார். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அது பிடிக்குமா என்றார். எந்த வேலையும் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடிப்பதில்லை என்றேன். "அப்ப இஞ்சை ஒரு வருசம் கோப்பை கழுவுங்கோ" என்றார். அடுத்த ஞாயிறு போனேன். மூன்று வருடமாகிறது, இன்னும் கழுவுகிறேன்.

அவர் பேசியது அமெரிக்க ஆங்கிலமும் உடைந்த ஜெர்மனும். நான் பேசியது உடைந்த ஜெர்மனும் அதைவிட உடைந்த ஆங்கிலமும். இரண்டும் சேர்ந்து ஓடிய அந்த மொழியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. அதனால் அவரையும் இங்கே எங்களுடைய பேச்சிலேயே பேசவிடுகிறேன். நான் அவரை 'செஃபின்' என்று கூப்பிடுவேன். ஜெர்மனில் முதலாளியம்மா. அவர் என்னை 'கூயா' என்பார். அவர்களுடைய பிலிப்பைன்ஸ் மொழியில் அண்ணை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சண்டை நடந்த காலம். விட்டது பெரிய கதையில்லை. பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த ஆட்கள் குடியேறிவிட்டார்கள், வகுப்பு நடக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு கொழும்பு, பிறகு டோஹா, பிறகு ஏஜென்சிக்காரன் காட்டிய பாதை. போலந்துக் காட்டில் குளிரில் இடது காலின் இரண்டு விரல் போனது. ஜெர்மனிக்குள் வந்தபின் ஹாலேயில் ஒரு பேக்கரி, லைப்சிக்கில் ஒரு ஹோட்டலின் சலவை அறை, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலை. எங்கும் யாரும் அடிக்கவில்லை, எங்கும் நான் தங்கவும் இல்லை. உடுப்புப் பையை முழுதாக அவிழ்க்காத பழக்கம் எனக்கு.

செஃபினின் கதை ஒரு கப்பலில் தொடங்குகிறது. அவருடைய அப்பா பிலிப்பைன்ஸிலிருந்து போய் அமெரிக்கக் கடற்படையில் சமையல்காரராக இருந்தவர். சான் டியாகோ துறைமுகப் பக்கம்தான் செஃபின் பிறந்து வளர்ந்த இடம். ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வந்தால் வீட்டில் ஒரே மேசையில் இரண்டு நாடும் இருக்குமாம். பான்கேக் அப்பாவின் வேலை, உள்ளிச்சோறு அம்மாவின் வேலை. சீனிப்பாணி ஊற்றிய தட்டும் கருவாட்டுத் தட்டும் பக்கத்தில் பக்கத்தில். பிள்ளைகள் ஒரு கடி இதில், ஒரு கடி அதில். காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் நின்ற அந்த மேசையைத்தான் அவர் ஹம்பேர்க்குக்குக் கொண்டுவந்திருந்தார். ஒரு ஜெர்மன்காரரைக் கட்டி வந்தார். கலியாணம் நிலைக்கவில்லை. கடை நிலைத்தது.

அந்தக் கடையை நான் கவனமாகப் பார்த்திருக்கிறேன். எட்டு மேசை. ஒன்றுக்கு ஒன்று பொருந்தாத கதிரைகள். யன்னலோரம் ஒரு பழைய சோபா. அதில் உட்கார்ந்தவர் எழும்ப மனம் வராமல் மூன்றாவது கோப்பி கேட்பார். கோப்பி குடிக்கக் குடிக்க ஊற்றுவது அமெரிக்கப் பழக்கம். அதற்குத் தனிக் கணக்கில்லை என்பதை ஜெர்மன்காரர்கள் நம்ப ஒரு வருடம் பிடித்ததாம். ஊதா நிறத்தில் ஒரு பான்கேக் செய்வார். முதல்நாள் கிழங்கைத் தோல் சீவச் சொல்லி என் கையில் தந்தபோது நான் திகைத்துப்போனேன். இராசவள்ளிக் கிழங்கு. நாங்கள் கஞ்சி காய்ச்சுகிற அதே கிழங்கு, இங்கே மாவோடு கலந்து, மேலே வெண்ணெயும் பாணியுமாக இருந்தது. பொரித்த கோழியைச் சோயாவிலும் வினாகிரியிலும் ஊறவைத்து வாஃபிளுக்கு மேல் வைப்பார். டின் இறைச்சியைக்கூட மெல்லிசாக வெட்டி, ஓரம் கருகும்வரை பொரித்து, மரியாதையோடு பரிமாறுவார். "போர்க் காலத்துச் சாப்பாடு எண்டு சொல்லாதேங்கோ, கூயா. பசிச்ச காலத்திலை கைவிடாத சாமான்" என்பார்.

உள்ளிச்சோற்றுக்கு முதல்நாள் சோறுதான் வேண்டும். சனிக்கிழமை வடித்து, பரப்பி, ஆறவைத்து, குளிர்ப்பெட்டியில் வைப்போம். காலையில் கையை நனைத்துக்கொண்டு கட்டி இல்லாமல் உதிர்ப்பது என் வேலை. உள்ளியை அவர் யாரிடமும் விடமாட்டார். எண்ணெய் சூடேறுமுன்னே தாச்சிக்குள் போட்டு, மெதுவாக, பொன்னிறம் தாண்டுவதற்கு ஒரு மூச்சு முன்னால் சோற்றைக் கொட்டுவார். நான் வேலைசெய்த இடங்களில் கத்தாத முதலாளி அவர் ஒருவர்தான். ஏதாவது பிழைத்தால் அவருடைய சத்தம் குறையும், ஏறாது. அதற்குத்தான் எல்லாரும் பயந்தோம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யார் முகத்தைக் கண்டாலும், "வாங்கோ, சாப்பிடுவம்" என்பார். தபால்காரர், புகைக்கூடு துடைக்கிறவர், தவறான கதவைத் தட்டியவர், எல்லாருக்கும் அதே வார்த்தைதான். அவர்களுடைய நாட்டில் அது மரியாதை. கேட்டவர் "இப்பதான் சாப்பிட்டனான், நன்றி" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். எனக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்களிடமும் அதுதானே நடக்கிறது. சாப்பிடுகிறவர் கூப்பிடாவிட்டால் குறை. கூப்பிட்டவுடன் வந்து உட்கார்ந்தால் அதைவிடக் குறை.

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, கடை பூட்டியபின் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். செஃபின், நான், வார இறுதியில் பரிமாற வருகிற மதுரைப் பெண். அவர் இங்கே பல்கலைக்கழகத்தில் கடல்நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். முழுக் கட்டடமும் அவருடையது. கடைக்கு நேர் மேலே, முதலாம் மாடியில் தனியாக இருக்கிறார். எண்பதை நெருங்கிய மெலிந்த மனுசி. எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. கடைக்குள் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

அவர் பேசுவது அச்சடித்த ஜெர்மன். நின்றபடியே சொன்னார்.

"உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் ஒழுங்கானவர். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்கு உள்ளி என் படுக்கையறைக்குள் வருகிறது. யன்னலைப் பூட்டினாலும் வருகிறது. இலையுதிர் காலத்தில் ஒப்பந்தம் முடிகிறது. நான் அதை நீட்டிக்கப் போவதில்லை. நேரத்தோடு சொல்லுவது நியாயம் என்று நினைத்தேன்."

செஃபின் கையிலிருந்த சோற்றைத் திரும்பக் கோப்பையில் வைத்தார். அந்தப் பகுதியில் அவரால் எடுக்கக்கூடிய வேறு கடை இல்லை. போன வருடம் முழுக்க வாடகைகள் ஏறிய விதம் எங்களுக்குத் தெரியும். சான் டியாகோ வீடு, பெற்றோர் போனபின் விற்றாயிற்று. இந்த எட்டு மேசை போனால் அவருக்குப் போக ஓர் ஊரில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு குசினிக்குப் போவேன். அவரால் அப்படிப் போக முடியாது.

வீட்டுக்காரம்மா திரும்பினார். கதவருகே போனவரைப் பார்த்து, செஃபினின் வாய் பழக்கதோஷத்தில் சொல்லியது: "வாங்கோவன், சாப்பிடுவம்."

வீட்டுக்காரம்மா நின்றார். "எப்போது?"

"என்ன?"

"நீங்கள் சாப்பிட அழைத்தீர்கள். எப்போது என்று கேட்கிறேன்."

இப்படி ஒரு கேள்வியை அந்த வார்த்தைக்கு யாரும் அதுவரை கேட்டதில்லை. மதுரைப் பெண் என் காலை மேசைக்குக் கீழே உதைத்தார். செஃபின் எழும்பி நின்றார்.

"வாற மாதம் முதல் ஞாயிறு. பதினொரு மணி. நீங்கள் மட்டும் இல்லை, வீட்டிலை இருக்கிற எல்லாரும்."

"பன்னிரண்டு பேர்" என்றார் வீட்டுக்காரம்மா, சட்டைப் பையிலிருந்து சின்ன நாட்குறிப்பை எடுத்தபடி. "இதனால் என் முடிவு மாறும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அழைத்தால் வருவேன்."

அவர் போனபின் மதுரைப் பெண் சொன்னார்: "மேம், சாப்பிடறதுக்குக்கூட நேரம் குறிச்சு டெர்மீன் போட்டுட்டுப் போறாங்க பாருங்க!"

செஃபின் சிரிக்கவில்லை. "கோப்பை இல்லாமல் செய்வம்" என்றார். "இலையிலை. கையாலை. எங்கடை வீட்டிலை பெரிய நாளுக்குச் செய்யிறமாதிரி. கூயா, இலை உங்கடை ஆக்களின்ரை கடையிலை எடுக்கலாமெல்லே?"

"அதை என்னட்டை விடுங்கோ" என்றேன். வாழையிலை, கையால் சாப்பாடு. இதில் எனக்கு யார் பாடம் எடுப்பது?

விருந்துக்கு முதல்நாள் சனிக்கிழமை பிரதான ரயில் நிலையத்துப் பக்கம் எங்கள் ஆட்களின் சாமான் கடைக்குப் போனேன். அந்தக் கடை அக்காவோடு எனக்கு நெடுநாள் பழக்கம். கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் இலை அவரிடம்தான் வரும்.

"என்ன, அண்ணைக்கு வீட்டிலை விசேசமோ? சொல்லாமல் கொள்ளாமல் பொம்பிளை பாத்திட்டியளோ?"

"சும்மா இருங்கோ அக்கா. எங்கடை கடையிலை வெள்ளைக்காரருக்கு இலையிலை சாப்பாடு."

"உங்கடை செஃபின் சைவமாகிட்டாவோ?"

"எங்கத்தையான் சைவம்! பண்டி, கோழி, றால் எல்லாம் போகும்."

"வாழையிலையிலை பண்டி! சிவனே. இருந்து பாக்கத்தான் வேணும்." அவர் கத்தியை எடுத்தார். "எத்தினை பேர்?"

"பன்னிரண்டு."

நல்ல நீளமான இலைகள். விமானத்தில் வந்த சுருள் இன்னும் விரியவில்லை. அக்கா ஒவ்வொன்றாக விரித்து, நுனியோடு ஒரு ஆளுக்கு ஒன்றாக, அளந்து வெட்டினார். கிழிந்ததை ஒதுக்கினார். ஈரத் துணியில் சுற்றித் தந்தார். அந்த வெட்டைப் பார்த்து எனக்குச் சந்தோசமாக இருந்தது.

மறுநாள் காலை மதுரைப் பெண் அந்தப் பொதியை அவிழ்த்தார்.

"செம, அண்ணா! எல்லாமே தலைவாழை இலை. நுனி லெஃப்ட் சைடுதானே வரணும்?"

"ஓம், இடப்பக்கம்."

அன்று வேறு ஆட்களுக்குக் கடை பூட்டு. மேசைகளை ஒன்றோடொன்று தள்ளி நீளமாகப் போட்டோம். பக்கத்துக்கு ஆறு இலை. நுனி பார்த்து, இடைவெளி பார்த்து வைத்தோம். நான் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். மதுரைப் பெண் ஒவ்வொரு இலையின் மூலையிலும் உப்பு வைத்தார். ஊறுகாயும் வைத்தார். கலியாண வீடு தோற்றுப்போகும்.

செஃபின் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். அவருடைய சத்தம் குறைந்தது.

"ஏன் வெட்டினனீங்கள்?"

நானும் மதுரைப் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்தோம். வெட்டாமல் எப்படி?

"எங்களுக்கு இலை கோப்பை இல்லை, கூயா. முழு மேசைதான் கோப்பை. இலையை நீட்டுக்கு விரிச்சு, நடுவிலை சோறு, சுத்திவர எல்லாம். எல்லாரும் ஒண்டிலையிருந்து எடுத்துச் சாப்பிடுறது. இப்பிடி வெட்டி வைச்சால் ஆளாளுக்குத் தனிச் சாப்பாடு. அதுக்குக் கோப்பையே வைச்சிருக்கலாமே." பிறகு கேட்டார், கோபமில்லாமல், உண்மையில் அறிய விரும்பி: "உங்கடை ஆக்கள் ஏன் வெட்டுறவை?"

"ஒருத்தற்றை எச்சில் மற்றவருக்குப் போகக்கூடாது."

"எச்சில் எண்டால்?"

"வாய் வைச்ச கை பட்டது."

"அம்மா பிள்ளைக்குத் தன்ரை கோப்பையிலையிருந்து ஊட்டுவா எல்லோ. அதுவும் எச்சிலோ?"

"அது எச்சில் இல்லை."

"அப்ப எச்சில் எண்டது சாப்பாட்டிலை இல்லை, ஆரை வேறை ஆளாய் நினைக்கிறம் எண்டதிலை இருக்கு."

இதுவரை ஒருவரும் இதை எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

புதிய இலைக்கு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹம்பேர்க்கில் மருந்துகூடத் தேடி அலைந்துதான் வாங்க வேண்டும். செஃபின் உப்பையும் ஊறுகாயையும் வழித்தெடுத்தார். இலைகளை அடுப்பு நெருப்பில் ஒரு வீச்சு வாட்டி மென்மையாக்கினார். ஓடு வேய்கிறது போல, ஒன்றின் ஓரம் மற்றதன் மேல் ஏறும்படி மேசை நீளத்துக்கு அடுக்கினார். ஓரங்கள் எழும்பிக்கொண்டு நின்றன. நான் குழைந்த சோற்றில் ஒரு பிடி எடுத்து, விரலால் மசித்து, பொருத்துகளில் பூசி அழுத்தினேன். பட்டம் கட்டுகிறவனுக்குச் சோற்றுப் பசை தெரியும். பிடித்தது.

"கூயா, நீங்கள் இதுக்குத்தான் பள்ளிக்கூடம் போகேல்லைப் போலை" என்றார் செஃபின்.

நடுவில் உள்ளிச்சோற்றை ஒரு வரம்பு போலப் போட்டோம். அதன் இரு கரையிலும் சொசேஜ், பொரித்த கோழி, சுட்டு முட்டையில் தோய்த்துப் பொரித்த கத்தரிக்காய், கோதோடு வதக்கிய றால், உப்பு முட்டையும் தக்காளியும், மடித்து வெட்டிய ஊதாப் பான்கேக். பச்சைக்கு மேல் ஊதாவும் வெள்ளையும் சிவப்புமாக அந்த மேசை கிடந்த கோலத்தை நான் சொல்ல முயலமாட்டேன். மதுரைப் பெண் படம் எடுக்க மறந்து நின்றார்.

பதினொன்றுக்கு எல்லாரும் வந்தார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில், படியில் வரிசையாக. வீட்டுக்காரம்மா நடுவில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிற பஸ் ஓட்டுநர், தோளகலமான மனுசன். கையைக் கழுவிவிட்டு எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். ஒருவரும் தொடவில்லை. செஃபின் எப்படி எடுப்பது என்று செய்து காட்டினார். சோற்றை விரல் நுனியில் கூட்டி, பெருவிரலால் தள்ளி. பார்த்தார்கள். அப்போதும் தொடவில்லை.

வீட்டுக்காரம்மா கேட்டார்: "முள்ளுக்கரண்டி கிடைக்குமா?"

செஃபின் உள்ளே போய் ஒரு முள்ளுக்கரண்டியைத் துடைத்துக் கொண்டுவந்து அவர் வலப்பக்கம் வைத்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இந்த நாளுக்காகத்தான் ஒரு மாதம் காத்திருந்தார், கையால் சாப்பிட வைக்கத்தான் இவ்வளவும், ஆனாலும் விருந்தாளி கேட்டதும் வைத்துவிட்டார்.

வீட்டுக்காரம்மா இலைகளின் பொருத்தைக் கரண்டி நுனியால் தொட்டார். "இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடுவரை என்னுடையது. அப்படித்தானே?"

இல்லை என்று சொல்ல செஃபினின் வாய் திறந்தது. நான் கண்டேன். பிறகு மூடியது.

"ஓம்" என்றார். "அது உங்கடை."

மேசை நெடுகிலும் ஒரு பெருமூச்சு போனது. எல்லாரும் தங்கள் கோட்டைத் தேடினார்கள். நகரத்துக்கு வெளியே இந்த ஊர்க்காரர் வைத்திருக்கிற துண்டுத் தோட்டங்களில் ஆளுக்கொரு வேலி இருப்பதுபோல, ஆளுக்கொரு இலை. வேலி தெரிந்ததும் சாப்பிடத் தொடங்கினார்கள். முதலில் பிள்ளைகள், பிறகு பஸ் ஓட்டுநர், அவர் ஒரு கை சோற்றை அள்ளிப் பாதியைத் தாடியில் விட்டார். செஃபின் என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார். வெட்டினது நல்லதாய்ப் போச்சு என்று அர்த்தமா, பிறகு பேசிக்கொள்கிறேன் என்று அர்த்தமா, தெரியவில்லை.

பஸ் ஓட்டுநரின் பக்கத்தில் அடுக்கியிருந்த சொசேஜில் ஒன்று உருண்டு கோடு தாண்டி வீட்டுக்காரம்மாவின் இலைக்குள் வந்து நின்றது.

"மன்னிக்கவும்," என்றார் அவர். "அது என்னுடைய பக்கத்திலிருந்து வந்தது. எடுக்கலாமா?"

"எல்லை தாண்டி வந்தது வந்ததுதான்" என்றார் வீட்டுக்காரம்மா. குத்தி எடுத்து வாயில் போட்டார். மென்றார். "இறைச்சியில் சீனியா?"

"ஓம். கூடிப்போச்சோ?" என்றார் செஃபின்.

"இல்லை. எனக்கு இன்னொன்று வேண்டும்." பஸ் ஓட்டுநரின் பக்கம் திரும்பினார். "நீங்கள் கத்தரிக்காய் எடுத்துக்கொள்ளலாம்."

மேசை சிரித்தது. றாலைக் கரண்டியால் உரிக்க முடியாது. அதற்காகக் கரண்டியைக் கீழே வைத்தவர், அதைத் திரும்ப எடுத்ததை நான் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் சோற்று வரம்பு இடிந்தது. வினாகிரி பொருத்துகளில் ஊறி என் பசையைக் கரைத்தது. இலைகள் வழுக்கி, யாருடையது எது என்று தெரியாமல் போயிற்று. பஸ் ஓட்டுநரின் காற்சட்டையில் வினாகிரி ஒழுகியதற்கு என்னைத்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் மாடிப் பிள்ளை ஒன்று வீட்டுக்காரம்மாவின் விரலிலிருந்து பான்கேக் துண்டைப் பறித்தது. அவர் விட்டுக்கொடுத்தார்.

எல்லாம் முடிந்ததும் அவர் குசினிக்குள் வந்து, நான் கழுவிக்கொண்டிருந்த தொட்டியிலேயே கையைக் கழுவினார். செஃபின் துவாயை நீட்டினார். மதுரைப் பெண் வாசலில் வந்து நின்றார்.

"நன்றாக இருந்தது" என்றார் வீட்டுக்காரம்மா. "ஆனால் நான் பொய் சொல்ல விரும்பவில்லை. சாப்பிட்டதால் மணம் குறைந்துவிடாது. அடுத்த ஞாயிறும் ஏழு மணிக்கு அது மேலே வரும்."

"ஓம். வரும்" என்றார் செஃபின்.

"ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிவரை நான் தூங்க வேண்டும். ஒன்பதுக்கு முன் உள்ளி கூடாது. ஒன்பதுக்குப் பின் எப்படியும் நான் எழுந்துவிடுவேன். அதற்குச் சம்மதமென்றால் ஐந்து வருடம் எழுதித் தருகிறேன்."

அது சின்ன விசயம் இல்லை. எங்கள் கடை எட்டுக்குத் திறந்தது. முதல் வருகிறவர்கள் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களின் பிலிப்பைன்ஸ் கடலோடிகள். சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுக் கப்பலுக்குத் திரும்ப வேண்டியவர்கள். அவர்களுக்கு அந்தச் சோறு வீட்டுச் சாப்பாடு. செஃபின் பேரம் பேசுவார், எட்டரை என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் துவாயை மடித்தார். முழுதாக யோசித்தார்.

"சரி" என்றார். "ஒம்பது."

வீட்டுக்காரம்மா கை கொடுத்துவிட்டு மேலே போனார். மதுரைப் பெண் ஓடிவந்து செஃபினைக் கட்டிப்பிடித்து, அழுது, அழுததற்கு மன்னிப்புக் கேட்டு, திரும்ப அழுதார். செஃபின் வெளியே போய் இடிந்து கிடந்த மேசைக்கு முன் உட்கார்ந்தார். எஞ்சிய சோற்றைக் கையால் கூட்டினார். என்னைக் கண்டதும் "வாங்கோ, சாப்பிடுவம்" என்றார். நான் உட்கார்ந்தேன். அவர் அள்ளிய குவியலிலிருந்தே அள்ளிச் சாப்பிட்டேன். பன்னிரண்டு பேர் கை வைத்த சோறு. ஒன்றும் தோன்றவில்லை. பசிதான் இருந்தது.

அதன்பிறகு காலை வேலை மாறியது. எட்டு மணிக்கு வருகிறவருக்குப் பான்கேக்கும் முட்டையும் கோப்பியும். சோறு ஒன்பதுக்குப் பின். கடலோடிகள் முகம் சுளித்தார்கள், பழகினார்கள்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரம்மாவின் பெட்டியை நான்தான் படியால் இறக்கி டாக்ஸியில் வைத்தேன். பால்டிக் கடற்கரையில் அவருடைய தங்கை வீட்டுக்குப் போகிறார். இரண்டு கிழமைக்குத் திரும்பமாட்டார். மறுநாள் ஞாயிறு. கடை திறக்கவும் ஐந்தாறு கடலோடிகள் நனைந்த சட்டையோடு வந்து நிறைந்தார்கள். மத்தியானம் கப்பல் புறப்படுகிறது. இனி மாதக்கணக்கில் கடல். சோறு இருக்கா, சோறு இருக்கா என்று குசினி வாசலில் வந்து கேட்டார்கள்.

நான் சோற்றை உதிர்த்து வைத்துவிட்டேன். உள்ளி வெட்டிய பலகை செஃபினின் முன்னால் கிடந்தது.

"போடுங்கோ, செஃபின். மேலை ஆளில்லை."

"ஆளில்லை எண்டு எனக்கும் தெரியும்."

"பிறகென்ன?"

"ஒம்பது எண்டு சொன்னனான்."

"வெறும் வீட்டிலை ஆருக்கு மணக்கப் போகுது?"

அவர் பலகையை ஈரத் துணியால் மூடினார். "எனக்கு மணக்கும், கூயா" என்றார். கோப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு வெளியே போய் அந்தப் பையன்களுக்கு ஊற்றினார். ஏன் காத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு அவர்களுடைய மொழியில் சொன்னார். ஒருவன் ஏதோ பகிடி விட்டான், எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் தாச்சியில் எண்ணெயை ஊற்றிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றேன்.